‘முடிச்சிடு’ன்னு சொன்ன வாய்

மச்சான்,

காலையில் லேபைத் திறந்து அக்ரிலிக் திரவத்தின் மூடியைத் திருகினேன், நீ வந்துவிட்டாய். மூக்கைக் குத்திக் கண்ணோரம் தண்ணீர் வரவைக்கிற அந்த நாற்றம்தான் உன் சட்டையிலும் எப்போதும் இருக்கும். நான் பல் செட் செய்கிறவன், நீ கடற்கரையில் ஃபைபர் போட்டுக்கு, மீன்பிடிப் படகுக்கு, ஒட்டுப் போட்டவன். ரெண்டு பேர் பிழைப்புக்கும் ஒரே நாற்றம். மூடியைத் திரும்ப இறுக்கிவிட்டுக் கீழவீதிக்குப் போய் நின்றபடியே ஒரு டீ குடித்தேன். டீக்கடைக்காரர், “என்ன சார், கண்ணு செவந்துருக்கு?” என்றார். அந்த மனுஷனை அறைந்துவிடலாமா என்று வந்தது. பாவம், அவர் என்ன செய்வார். திரும்பி வந்து, ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கவேண்டிய மூன்று செட்டையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ முதல்முதலில் என் லேபுக்கு வந்ததே உடைந்த வாயோடுதான். மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை, உதட்டில் நாலு தையல். பல்லின் கலரை ஒத்துப்பார்க்க டாக்டர் உன்னை என்னிடம் அனுப்பியிருந்தார். யார் அடித்தது என்று கேட்டேன். “என்ன அடிச்சவன் இப்ப எங்க கெடக்குறான்னு கேளுங்க சார் மொதல்ல” என்றாய். பேசிக்கொண்டே உன் பார்வை அலமாரிக்குப் போனது. அங்கே என் ஜெர்மன் டேங்க் நின்றது. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும், சட்டத்திலிருந்து வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து நாமே செய்துகொள்ள வேண்டும். அதில் ஒரு பக்கம் மட்டும் சக்கரம் மாட்டியிருந்தேன்.

“இது ஏன் சார் பாதியில நிக்கிது?”

“வேலை முடியல.”

“எத்தினி நாளா?”

“மூணு வருஷமா.”

நீ சிரித்த சிரிப்பில் தையல் விட்டு ரத்தம் ஒழுகியது. பஞ்சை அழுத்திக்கொண்டு அப்போதும் சிரித்தாய். எனக்கு வந்த கோபத்துக்கு மீதிப் பல்லையும் நானே தட்டியிருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு பெட்டியோடு வந்து நின்றாய், போர்க்கப்பல், ஐந்நூறு துண்டுக்கு மேல். “நானும் ஒண்ண பாதியில நிறுத்திப் பாக்குறேன் மச்சான்” என்றாய். சார் போய் மச்சான் வந்தது அன்றைக்குத்தான். அதனால் உன் பெண்டாட்டி செல்விக்கு நான் அண்ணன் ஆனேன், உன் தம்பி கலைக்கு மாமா ஆனேன். உனக்கு மட்டும் பாதி நேரம் மச்சான், பாதி நேரம் ‘பல்லு’.

ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்டா அது. நான் சிதம்பரத்தில் பஸ் ஏறி, புதுச்சத்திரம் தாண்டி, செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனிகள் வரும்போது பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொள்ளும், நான் மட்டும் உன் ஷெட்டை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடலூர் ஓ.டி.யில், பழைய டவுனில், இறங்கினால் உப்பனாற்றங்கரை வரைக்கும் நடை. உன் ஃபைபர் ஷெட்டில், கவிழ்த்துப்போட்ட ஒரு போட்டின் வயிற்றில் அட்டையை விரித்து, அதுதான் நம் மேஜை. செல்வி மீன் பொரித்துக் கொண்டுவந்து வைப்பாள். “இதுக்கு அந்தப் பொம்மையையே பொரிச்சித் தின்னலாம், ரெண்டு பேரும் சோத்த மறந்துட்டுத் தேய்ச்சிகினு கெடக்குறீங்க” என்பாள். பதினான்கு பெட்டி வாங்கினோம். ஒன்றைக்கூட முடித்ததில்லை.

ஊரான் வாய்க்குப் பல் செட் சொன்ன தேதியில் கொடுக்கிற எனக்கு, ஒரு விளையாட்டுச் சாமானை முடிக்க வராது என்பது எவ்வளவு கேவலம்! டேங்கின் மேல்மூடியைச் சீக்கிரம் தேய்த்துவிடலாம் என்று லேப் மைக்ரோமோட்டாரை வைத்தேன். சூட்டில் பிளாஸ்டிக் வெண்ணெயாக உருகிச் சுருண்டது. விமானத்துக் கண்ணாடியை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன், மறுநாள் பார்த்தால் புகை படிந்து விமானிக்குக் கண்புரை வந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. அந்த விமானத்தைச் சுவரில் அடித்தேன். இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். நீ குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி, “சுட்டுத் தள்ளிட்ட மச்சான், நல்லா சுட்ட. இப்ப இத விழுந்த ஏரோப்ளேனாவே பண்ணிடலாம்” என்றாய். அதையும் நாம் செய்யவில்லை.

ஒருமுறை என் கப்பல் மேல் நீ உட்கார்ந்துவிட்டாய். வேண்டுமென்றே இல்லைதான், ஆனால் எழுந்து பார்த்துவிட்டுச் சிரித்தாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரும்பு ஸ்கேலால் உன் முதுகில் ஒன்று வைத்தேன். நீ என் கையை முறுக்கி மணலில் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்து, “சொல்லு, இனிமே ஒடச்சா அழுவியா?” என்றாய். வாயெல்லாம் மண். செல்வி ஓடிவந்து ஒரு குடம் தண்ணீரை ரெண்டு பேர் தலையிலும் ஊற்றினாள். ஈரத்தோடு உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் துப்பாக்கிக்குப் பட்டி பார்த்தோம்.

நமக்குள்ளே பேச்சு எப்படி இருக்கும் என்று நினைத்துப்பார்த்தால் இப்போது காதைப் பொத்திக்கொள்கிறேன். “தலைய திருகிப் போட்டுடு.” “கால தொடையோட எடு.” “அந்த ஆளு குறுக்க நிக்கிறான், அறுத்துத் தள்ளு.” டேங்கில் நிற்கிற சிப்பாய்கள் கட்டைவிரல் உயரம்தான். தலை தனி, கை தனி, உடம்பு தனியாக வருவார்கள். அவர்களை வளைத்து உட்காரவைக்க வெட்டித்தான் ஆகவேண்டும். ஒருமுறை பஸ்ஸில் உன்னிடம் போனில் இப்படிப் பேசினேன், பக்கத்தில் இருந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்தாள். உன்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்தோமே தவிர, ரெண்டு பேரில் ஒருத்தனுக்காவது உறைத்ததா?

புதுச்சேரியில் இந்த மாதிரி மாடல்களுக்கு ஒரு கண்காட்சி என்று கேள்விப்பட்டு நான்தான் நம் ரெண்டு பேர் பேரையும் கொடுத்தேன். ஒன்றே ஒன்றை முழுசாகக் கொண்டுபோய் நாலு பேர் முன்னால் வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. டேங்க்கை உன் ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். உடம்பு முடிந்தது, செயின் முடிந்தது, பெயிண்டும் முடிந்தது. மேல்மூடித் துவாரத்தில் நிற்கவேண்டிய ரெண்டு சிப்பாய் மட்டும் பாக்கி. அவர்களுக்குத் தலையை மாற்றி, வலது கையை முழங்கையில் வெட்டித் திருப்பி ஒட்டினால் வேலை தீர்ந்தது. நீயோ அவசரமே படவில்லை. “முடிஞ்சதுன்னு ஒண்ணு கெடயாது மச்சான். போட்ட இன்னிக்கித் தண்ணியில எறக்குனா நாளைக்கே ஓட்டையோட வரும்” என்று எனக்குப் பாடம் வேறு நடத்தினாய்.

அந்த வாரம்தான் கடலில் சுருக்குவலைச் சண்டை முற்றியிருந்தது. உங்கள் குப்பத்துக்கும் பக்கத்தில் இருக்கிற அந்தக் குப்பத்துக்கும். குஞ்சு மீனைக்கூட விடாமல் வாரிவிடுகிற சுருக்குவலையை அவர்கள் போட, உங்கள் ஆட்கள் மறிக்க, கடலிலேயே துடுப்பால் மண்டை உடைந்தது, ஒரு போட்டுக்குத் தீ வைத்தார்கள். உங்கள் பக்கத்தில் ரெண்டு பேருக்குக் காலில் வெட்டு. நீ வலை இழுக்கிறவன்கூட இல்லை, கரையில் ஒட்டுப் போடுகிறவன், ரெண்டு குப்பத்துப் போட்டும் உன் கையால்தான் தேறும். “என்ன எவன் தொடுவான்?” என்றாய். நானும் நம்பினேன்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, லேபில் மெழுகைச் சுரண்டிக்கொண்டே உனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது, சாகும்வரைக்கும் இருக்கும்.

“டேய், ரெண்டு பேருதானடா பாக்கி? இன்னிக்கி அவனுங்கள முடிச்சிடு. கழுத்த சீவித் தலைய தனியா வெச்சிடு. கைய முழங்கையோட அறுத்துடு. சும்மா தள்ளிப் போடாத, முடிச்சிடு.”

நீ அதைத் துறைமுகத்து டீக்கடையில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாய். உன் காதுதான் கிரைண்டர் சத்தத்தில் பாதி போயிருந்ததே, எதையும் சத்தமாகத்தான் வைப்பாய். பெஞ்சின் அந்தக் கோடியில் அந்தக் குப்பத்து ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனான் என்று கடைக்கார அக்கா பிறகு சொன்னார்கள். அவன் வண்டியை உதைத்துக் கிளம்பிய பிறகுதான் நீ கடையை விட்டு இறங்கி நடந்துகொண்டே எனக்குப் பதில் பேசி அனுப்பினாயாம், என்ன பேசினாய் என்பது அக்கா காதில் விழவில்லை. அரை மணி நேரத்தில் எட்டுப் பேர் உன் ஷெட்டுக்கு வந்தார்கள். சுளுக்கி ஈட்டி, அரிவாள், போட்டு எஞ்சினின் இரும்புத் தண்டு. நீ போட்டுக்கு அடியில் படுத்து ஒட்டிக்கொண்டிருந்தாய். காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். எழுந்திருக்கக்கூட விடவில்லை. எத்தனை வெட்டு என்று ஆஸ்பத்திரியில் ஒருத்தன் சொல்லவந்தபோது அவன் வாயைப் பொத்தினேன். உன் போனை ஆற்றில் எறிந்துவிட்டுப் போனார்கள். அட்டை மேலிருந்த டேங்க் மேல் உன் ரத்தம் தெறித்துக் காய்ந்திருந்ததை நான்தான் பார்த்தேன், போலீஸ் அதை ஏதோ பிள்ளை விளையாட்டுச் சாமான் என்று விட்டுவிட்டது, நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர்கள் எதைக் கேட்டுவிட்டு வந்தார்கள் என்பது அன்று மத்தியானமே துறைமுகம் முழுக்கப் பரவிவிட்டது. ‘அவன் ஆளு போன்ல முடிச்சிடுன்னான், எங்க ரெண்டு பேர வெட்டச் சொன்னான், அதான் நாங்க முந்திகிட்டோம்.’ அந்தப் பேச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தது. அடுத்து நான் என்ன செய்தேன் தெரியுமா மச்சான்? ஆஸ்பத்திரி கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டு, போனை எடுத்து, அந்த மெசேஜை அழித்தேன். நீ உள்ளே கிழிந்து கிடக்கிறாய், நான் வெளியே என் குரலைத் துடைக்கிறேன். தூ!

பிறகு கோபம் வந்தது, எனக்குத்தான் அது வஞ்சகம் இல்லாமல் வருமே. அந்த எட்டுப் பேரையும் எப்படியெப்படிக் கொல்லலாம் என்று சோறு தின்னும்போதும் நினைத்தேன். பிளாஸ்டர் அறுக்கிற கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு ஓ.டி. வரைக்கும் வந்து இறங்கி, பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். லேபுக்கு வந்து டேங்க் போக மீதிப் பதின்மூன்று பெட்டியையும் கொட்டிச் சுத்தியால் நொறுக்கினேன், இறக்கை, பீரங்கி, கொடிமரம், ஒன்று விடவில்லை. கை கிழிந்து ரத்தம் வந்தது, அது நன்றாகக்கூட இருந்தது. ஊருக்கு நடுவில் போய் ‘அது என் குரல்’ என்று மூன்று வார்த்தை சொல்வதைவிட எல்லாவற்றையும் உடைப்பது எவ்வளவோ சுலபமாக இருந்தது.

நான் உடைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் குப்பம் அந்தக் குரலைத் தேடிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தும்விட்டது. அன்று காலை உனக்குப் போன் செய்தவன் கலை. வலைச் சண்டையில் முன்னால் நின்று கத்தினவனும் கலை. உன் தம்பி வாய்த்துடுக்கால்தான் உன்னை வெட்டினார்கள் என்று முடிவு கட்டினார்கள். உங்கள் சித்தப்பாமார்களே அவனைக் கோயில் வாசலில் போட்டு மிதித்தார்கள். ஊர்க்கட்டுப்பாடு: எவனும் பேசக்கூடாது, எந்தப் போட்டிலும் ஏற்றக்கூடாது. இது எனக்குக் காதில் விழுந்தது. ‘ரெண்டு நாளில் சரியாகிவிடும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முப்பத்தேழாம் நாள் கலை லேபுக்கு வந்தான். இடது காதில் பஞ்சு, கன்னத்தில் தோல் உரிந்து காய்ந்த தழும்பு. நான் பேசினது அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை, தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டான்.

“மாமா, நான் அப்புடி சொல்லவே இல்ல மாமா. எண்ணெ தீந்துபோச்சி, டீசல் வாங்கியான்னுதான் அண்ணனாண்ட சொன்னேன். எங்கூட்டாளுங்களே நம்ப மாட்றாங்க. நீங்களாச்சும் நம்புறீங்களா?”

“நம்புறேன் கலை.”

அவ்வளவுதான் சொன்னேன். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், பஸ் ஏற்றிவிட்டேன். அவன் ஜன்னல் வழியாக எனக்குக் கும்பிடு போட்டான் மச்சான், கும்பிடு! அந்த இடத்திலேயே பஸ்ஸுக்கு அடியில் விழுந்திருக்கலாம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் யாரும் கடலுக்குப் போகவில்லை, கோயில் முன்னால் கூட்டமாகத்தான் இருந்தார்கள். பெரியவர்கள் முன்னால் போய் நின்று சொன்னேன், அது என் குரல், பொம்மைக்குச் சொன்னது என்று. ஒருவரும் நம்பவில்லை. கலையைக் காப்பாற்றச் சிதம்பரத்தான் கதை கட்டுகிறான் என்றார்கள். பையிலிருந்து டேங்க்கை எடுத்து வைத்தேன், அந்த ரெண்டு சிப்பாயையும் வைத்தேன். “இந்த எள்ளளவு பொம்மைக்காடா எங்க புள்ள செத்தான்?” என்று உன் சித்தப்பா காலால் எத்தினார். என் மெசேஜ்தான் அழிந்துபோயிற்றே. ஆனால் உன் பதிலை நான் அழிக்கவில்லை. அதை எடுத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

“டேய் பல்லு, பொம்மைக்குப் போயி இன்னாத்துக்குடா இவ்ளோ அவசரம்? ரெண்டு பேரு தலையும் எடுத்தாச்சி. கைய நீ வந்து வெட்டு, ஒனக்குன்னு ஒரு வேல வேணாமா? வரப்ப பலாச்சொள வாங்கியா, செல்வி கேக்குறா.”

முப்பத்தெட்டு நாள் முன்னால் செத்த நீ கோயில் வாசலில் சிரித்தாய். ஒரு கிழவர் “இன்னொருக்கா போடு” என்றார். போட்டேன். கூட்டத்தின் ஓரத்தில் செல்வி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

கலை என் முன்னால் வந்து நின்றான். அடிப்பான் என்று கண்ணை மூடினேன். “நேத்து ஏன் மாமா சொல்லல?” என்றான். அடிக்கவில்லை. அவனுக்கும் சேர்த்து மற்றவர்கள் அடித்தார்கள். முதல் அறை உன் சித்தப்பா, பிறகு யார் யார் என்று பார்க்கவில்லை. கீழே விழுந்தேன், விலாவில் மிதித்தார்கள், விலா ஒன்று உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. ஒருத்தன் டேங்க்கைத் தூக்கி என் மண்டையில் அடித்தான், அது சுக்கலாகிப்போயிற்று. நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை மச்சான், வீம்புக்கில்லை, தடுக்கத் தோன்றவில்லை. பெரியவர்கள்தான் விலக்கிவிட்டார்கள்.

ரத்தத்தைத் துப்பிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது செல்வி பக்கத்தில் வந்தாள். எப்போதும் அண்ணா என்பவள், அன்றைக்குச் சொல்லவில்லை.

“எனக்கு அன்னிக்கே தெரியும். நீ பேசுனத கூட்டத்துல சொன்னாங்களே, கழுத்த சீவு, முழங்கையோட அறு, அது ஒங்க பொம்மப் பேச்சுன்னு எனக்குத் தெரியாதா? ஆறு வருசமா கேட்டுகினு இருக்கேன். சொன்னேன், பொம்பள பேச்ச எவன் கேட்டான்? ஒன் வாயால வந்தாத்தான் நம்புவானுங்க. ஆளு அனுப்பிக் கூப்புட எவ்ளோ நேரம் ஆயிடும்? அனுப்பல. நீயா வரியான்னு பாத்தேன். முப்பத்தெட்டு நாளு பாத்தேன்.”

சொல்லிவிட்டு முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கட்டுப்பாட்டை அன்றே நீக்கினார்கள். கலை இப்போது கடலுக்குப் போகிறான். எட்டுப் பேர் மேலும் கேஸ் நடக்கிறது, டீக்கடை அக்கா சாட்சி சொன்னார்கள், நானும் கோர்ட்டில் என் மெசேஜை வார்த்தை விடாமல் சொன்னேன். என் விலா கூடிவிட்டது. கலையின் இடது காது கூடவில்லை. இருபதாம் நாள் கோயில் வாசலில் மிதித்தபோது ஜவ்வு கிழிந்ததாம். பத்தாம் நாள் நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் காது இருந்திருக்கும். இந்தக் கணக்கை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானேதான் போட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் வருகிறேன். உன் ஷெட்டைக் கலை எடுத்து நடத்துகிறான். அவனிடம் ஏதாவது சொல்ல வாயைத் திறக்கும் முன்னால் நான் சுற்றிக்கொண்டு போய் அவனுடைய வலது பக்கம் நின்றுகொள்கிறேன்.